பொன்னியின் செல்வனில் இருந்து பிள்ளைக்குப் பெயர்: கேள்வி பதில்

பொன்னியின் செல்வன் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. புதிதாக வந்தவர்களுக்காக: 31 வருடம் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடரை எங்கள் பாட்டி வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். மணியத்தின் ஓவியங்களோடு அதைப் பதினான்கு வயதில் முதல் தடவை படித்தேன். என் மகள் பெயர் வானதி. கதையின் முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன். படித்து முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

டீச்சர், பெண் குழந்தை. குந்தவையா வானதியா என்று குழப்பம். “வானதி எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகிறவள், அந்தப் பெயர் வேண்டாம்” என்கிறார் மாமியார். (திருச்சி)

உங்கள் மாமியார் சொன்னதைத்தான் பதினான்கு வயதில் நானும் சொன்னேன். இளவரசர் அருள்மொழியின் அக்கா குந்தவைதான் எனக்கு எல்லாம். அரசியல் பேசுகிறாள், ஓலை அனுப்புகிறாள், பெரியவர்களுக்கே யோசனை சொல்கிறாள். வானதி வரும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன்.

மறுபடி படித்தது, ஏழாம் மாதத்தில் டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னபோது. பின்னாளில் ராஜராஜன் ஆகப்போகும் அந்த இளவரசர் ஈழப் போருக்குப் புறப்படுகிறார், பெண்கள் தீபத் தட்டோடு நிற்கிறார்கள், வானதியின் கையிலிருந்து தட்டு விழுகிறது, அவளும் மயங்கி விழுகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவிட்டேன். அவள் அப்பா, கொடும்பாளூர் சிறிய வேளார், ஈழத்துக்குப் போய்த்தான் திரும்பாமல் போனார். அதே ஈழத்துக்கு இன்னொருவரை அனுப்ப அவளைத் தட்டோடு நிற்க வைத்திருக்கிறார்கள். கை நடுங்காதா? முதல் தடவை படித்தபோது அப்பா இறந்த செய்தியையும் படித்தேன், மயக்கத்தையும் படித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதே பெண்தான் கடைசியில், ராணியாகும் ஆசையில் இளவரசரை விரும்புகிறாய் என்று படகோட்டிப் பெண் பூங்குழலி குத்திக்காட்டியதும், சோழ சிம்மாசனத்தில் உட்காரவே மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். குந்தவை பிறந்ததிலிருந்தே குந்தவை. வானதி நம் கண் முன்னாலேயே வளர்கிறாள். என் மகளுக்குப் பெயர் வைக்கும்போது இதைத்தான் நினைத்தேன். மாமியாரிடம் அந்தத் தீபத் தட்டுப் பகுதியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் குந்தவையும் அருமையான பெயர்தான்.

வானதி கல்வெட்டில் இருக்கிற பெயரா அக்கா?

நாவலின் வானதிதான் ராஜராஜனின் மனைவி, ராஜேந்திரனின் தாய். கல்வெட்டுகளில் அந்தத் தாயின் பெயர் வானவன் மாதேவி. வானதி கல்கி கொடுத்த பெயர். சொல் பழையதுதான்: வான் நதி, ஆகாய கங்கை.

குந்தவை நிஜமாகவே இருந்தாரா? (சேலம்)

இருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே ராஜராஜன், தான் கொடுத்தவற்றைச் சொன்ன கையோடு “நம் அக்கன் குடுத்தனவும்” என்கிறான். அதற்குப் பிறகுதான் மனைவியர். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றும் கல்வெட்டு அவரைச் சொல்கிறது. நாவலின் நாயகன் வந்தியத்தேவன் கற்பனையா என்று கேட்டிருந்த மூன்று பேருக்கும் இதுவே பதில். ராஜராஜன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயர் வைத்தான். அவளை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தம்பி தன் பெண்ணுக்கு அக்கா பெயரை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றைக்கும் இருக்கிறது அல்லவா? அதை ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வீட்டில் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

நந்தினி என்று வைத்துவிட்டோம். இப்போது எல்லோரும் “வில்லி பெயர்” என்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றவே வேண்டாம். வசிட்டரின் பசுவுக்கும் நந்தினி என்றுதான் பெயர். மகிழ்ச்சி தருபவள் என்று பொருள். கல்கிக்கு முன்பும் இருந்த பெயர், இனியும் இருக்கும்.

மணிமேகலை?

காப்பியத்தை நினைத்து வைத்தால் முழு மனதோடு வையுங்கள். நாவலின் மணிமேகலையை நினைத்து என்றால், அவள் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடும் கடைசிப் பக்கங்களைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஐந்து பாகத்தையும் முடிக்காமல் அதிலிருந்து பெயர் எடுக்காதீர்கள்.

‘பூ’வில் தொடங்க வேண்டும், கூட்டு எண் 5 வர வேண்டும்...

எண்கணிதம் எனக்குத் தெரியாது. குடும்ப ஜோதிடரைக் கேளுங்கள்.

நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம் அம்மா. பூங்குழலி என்று வைக்க ஆசை. இங்கே யார் வாயிலும் ‘ழ’ வராதே?

வராதுதான். ஆங்கிலத்தில் இசட், எச் போட்டால் “பூங்குசாலி” என்பார்கள், எல் போட்டால் “பூங்குலாலி” என்பார்கள். ஆனாலும் பெயரை முதலில் கூப்பிடுவது வீட்டில்தான். நீங்கள் ‘ழ’வைச் சரியாகச் சொன்னால் குழந்தை அதைக் கேட்டே வளரும். கூப்பிட “குழலி” என்று சுருக்கிக்கொள்ளலாம். பூங்குழலி முழுக்கக் கற்பனைப் பாத்திரம், அதனால் மதிப்புக் குறையாது. தனியாகப் படகு ஓட்டுகிற, யாருக்கும் அஞ்சாத பெண்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி, கணவன் மனைவி இரண்டு பேரும் பார்த்து முடிவு செய்த பிறகே பதிவு செய்யுங்கள். என் மகளின் பிறப்புச் சான்றிதழில் வி-க்குப் பிறகு ஒரு ஏ. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இரண்டு ஏ. பள்ளியில் எழுதியவர் தமிழ் நெடிலைப் பார்த்து நல்ல மனதோடு ஒன்று கூட்டியிருக்கிறார். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஒரு எழுத்துக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

பையனுக்கு அருள்மொழி என்று வைக்கலாமா? (மதுரை)

தாராளமாக. ராஜராஜனின் இயற்பெயர்.

டீச்சர், மதுரைத் தம்பிக்குத் தவறாகச் சொல்கிறீர்கள். ராஜராஜனின் பெயர் அருமொழி. அருள்மொழி கல்கி செய்த பிழை. (கும்பகோணம்)

ஐயா, முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். திருவாலங்காட்டுச் செப்பேடு அருமொழிவர்மன் என்கிறது. சோழர் காலத்து நாட்டுப் பிரிவு ஒன்றின் பெயரே அருமொழிதேவ வளநாடு. வரலாற்று நூல்களிலும் பெரும்பாலும் அருமொழிதான். பிழை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர். அருள் + மொழி, புணர்ச்சியில் அருண்மொழி. 12ஆம் நூற்றாண்டுச் சோழ நாட்டில், அரசவை அமைச்சருக்கே இருந்த பெயர். அதைக் கல்கியின் கைப்பிழை என்று எப்படிச் சொல்வது?

அது சேக்கிழார் பெயர். ராஜராஜனுக்கு அது சான்றாகாது. (அதே கும்பகோணம்)

ஆகாது, உண்மை. ராஜராஜனைப் பற்றிக் கட்டுரை எழுதினால் நானும் அருமொழி என்றுதான் எழுதுவேன். ஆனால் தம்பி கேட்டது கட்டுரைக்கு இல்லை, குழந்தைக்கு. அருமொழி என்றால் அரிய சொல், அருள்மொழி என்றால் அருள் நிறைந்த சொல். இரண்டும் தமிழ், இரண்டுக்கும் சோழ நாட்டு வேர் உண்டு.

(இதற்குப் பிறகு இதே விஷயத்தில் பதினேழு பதிவுகள். இரண்டு பேர் சண்டையே போட்டுக்கொண்டார்கள். மதுரைத் தம்பி பாவம், இரவு பதினொரு மணிக்கு “அப்போ நான் என்னதான் வைப்பது?” என்று கேட்டிருந்தார். தம்பி, இரண்டு பெயரையும் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் மனைவி எதற்குத் திரும்பிப் பார்க்கிறாரோ அதை வையுங்கள். இந்த விவாதத்தை இதோடு நிறுத்துகிறேன்.)

வானதி கல்வெட்டில் உண்டா?

மேலே சொல்லிவிட்டேன்.

படத்தில் பார்த்த குந்தவை மாதிரி...

2022இல் வந்தது முதல் படம், அடுத்த வருடம் இரண்டாவது. பாருங்கள், சந்தோஷம். பெயருக்குப் புத்தகத்தைப் படியுங்கள். ஐந்து பாகத்தையும்.

எல்லோரும் வைக்கும் பெயர் வேண்டாம். கல்வெட்டிலிருந்து ஏதாவது?

பரவை. கடல் என்று பொருள். சுந்தரரின் திருவாரூர் மனைவி பரவையார். ராஜேந்திரனின் அன்புக்குரிய பரவை நங்கையும் திருவாரூர்க் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவர். மூன்றே எழுத்து, கூப்பிட எவ்வளவு அழகு! இன்னும் வேண்டுமென்றால் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், பட்டியலைப் பாருங்கள். 400 பெண்களின் பெயர்களை வீட்டு எண்ணோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பிறந்து பத்து நாள் ஆகிறது. உடனே பெயர் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். பதற்றமாக இருக்கிறது.

பதற்றமே வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பிறகு சேர்க்கலாம். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எழுத்துக்கூட்டல், மறக்காதீர்கள்.

சேந்தன் அமுதன் என்று யாராவது வைப்பார்களா டீச்சர்? எனக்கு அவனைத்தான் பிடிக்கும்.

யாரும் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்! கோயிலுக்குப் பூத்தொண்டு செய்து தேவாரம் பாடிக்கொண்டிருந்தவன், தான் சோழ அரச குலத்தவன் என்று தெரிந்த பிறகும் குணம் மாறாதவன். சேந்தன் முருகன் பெயர். வையுங்கள் தம்பி.

மனைவிக்கு எட்டாம் மாதம். அவளுக்குப் படித்தால் தலை வலிக்கிறது என்று தினமும் இரவு நான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். முதல் பாகம் முடியப் போகிறது. பெயர் இன்னும் முடிவாகவில்லை.

இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயமே பூங்குழலி. கோடிக்கரை, அலையில்லாத கடல், படகில் அவள் மட்டும் பாடிக்கொண்டிருப்பாள். அதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். பாட்டு வரும் இடத்தில் ராகம் வராவிட்டாலும் பரவாயில்லை, பாடியே காட்டுங்கள். எந்தப் பெயரைச் சொன்னபோது வயிற்றில் குழந்தை அசைந்தது என்று உங்கள் மனைவி சொல்வார். என் கணவரிடம் நான் அப்படித்தான் சொன்னேன்.