மிதவைப் படகுக்கு மின்மோட்டர்

கேள்வி: காற்றடைக்கும் சிறிய இரட்டை மிதவைப் படகில் 12 வோல்ட் மின்மோட்டர் பூட்டி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கலாமா? (வாசகர், நோர்வூட்)

பதில்: நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதி கிடைத்தால் பூட்டலாம், ஆனால் மோட்டரை மிதவைக் குழாயில் பிணைக்காமல், உலோகச் சட்டகத்தில் இறுக்கிய பலகையிலேயே பொருத்த வேண்டும். படகு தாங்குமெனக் குறித்துள்ள எடையில் மோட்டரும் பற்றரியும் அடங்கும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரி ஒன்றே ஏறத்தாழ 25 கிலோ இருக்குமென்பதால், அதைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, மோட்டருக்கு எதிர்ப்புறமாகப் பட்டியால் கட்டுங்கள். பலர் அலட்சியம் செய்வது பியூஸைத்தான்: மோட்டரின் கையேடு கூறும் அளவிலான பியூஸ், பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இல்லாவிட்டால், சட்டகத்தில் உராய்ந்து தோலுரிந்த வயர் சூடேறி, அடியிலுள்ள குழாயையே உருக்கிவிடக்கூடும். தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்த்துச் சிறு மோட்டரால் கரைசேர முடியாமற் போகலாம். உயிர்காப்பு அங்கியும் துடுப்பும் இன்றி இறங்கவே வேண்டாம்.