புதிய கிட்டாரில் செயற்கைத் தேய்மானம்: சிலர் ஏன் வாங்கத் தயங்குகிறார்கள்?

புதிதாகச் செய்த கிட்டாரின் வண்ணப்பூச்சை வேண்டுமென்றே உரசி, சிராய்த்து, உலோகப் பாகங்களை மங்கச் செய்து, பல ஆண்டுகள் வாசிக்கப்பட்டதுபோல் தோற்றமளிக்கச் செய்வதே 'ரெலிக்' எனப்படுகிறது. மின் கிட்டார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனத்தின் கஸ்டம் ஷாப் என்னும் தனிப்பயன் கிட்டார் பிரிவு 1995-இல் இவ்வகைக் கிட்டார்களை அறிமுகப்படுத்தியது. 1950-களின் அசல் கிட்டார்களை வாங்க இயலாதவர்களுக்கு அந்தத் தோற்றமாவது கிடைத்தது.

ஆயினும் பல வாசிப்பாளர்கள் இதைக் கண்டதுமே விலகிவிடுகிறார்கள். முன்கை உராயும் விளிம்பிலும் விரல்கள் ஓடும் கழுத்துப் பகுதியிலும் பூச்சு தேய்வது அவரவர் வாசிப்பின் பதிவு. அதைப் பிறர் கையால் செய்வித்து, அந்த உழைப்புக்குக் கூடுதல் விலையும் கொடுப்பது அவர்களுக்கு உறுத்துகிறது. பாட்டி அரைத்து அரைத்துக் குழிந்த அம்மியைப் போற்றும் நாம், கடையில் குழித்தே விற்கும் புது அம்மியை விரும்புவோமா? கழுத்தின் பின்புறத்தை மட்டும் வழவழப்பாகத் தேய்த்துத் தருவது கைக்கு இதமானது என்பதை மறுக்க முடியாது. என் மனம் ஒப்பாதது உடற்பகுதியில் இடும் போலிக் காயங்களையே.

பூச்சு உதிர்ந்தால் ஒலி மேம்படும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் உள்ளே வெற்றிடமில்லாத திண்ம உடல் கொண்ட மின் கிட்டாரில் ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பவை தந்திகள், அவற்றின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப், ஒலிபெருக்கி, வாசிக்கும் கை ஆகியவையே.