புதிதாகச் சேர்ந்த பேராசிரியரை வழிகாட்டியாகக் கேட்கலாமா?

சகோதரி, மும்பையில் பொதுச் சுகாதார முதுநிலை படிக்கும் நீங்கள், புதிய பேராசிரியரின் ஆய்வு ஆர்வங்களில் ‘நகர்ப்புறச் சுகாதாரம், சமத்துவம், காசநோய்’ என்று இருப்பதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது மளிகைச் சீட்டு மாதிரி. வாங்க நினைத்ததெல்லாம் அதில் இருக்கும். அவர் இந்தியாவில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்றால் ஆய்வேட்டை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடுங்கள்; இலவசம். ஆய்வுமுறை அத்தியாயம் மட்டும் போதும். தெருவில் இறங்கிப் பேசியவரா, தேசியக் குடும்ப நல ஆய்வின் எண்களை வைத்துக் கணக்கிட்டவரா என்று தெரிந்துவிடும். தாராவிக் காசநோயாளிகளைப் பற்றி எழுதப் போகும் உங்களுக்கு இதுதான் முக்கியம். 2019-21 ஆய்வு நாடெங்கும் சுமார் 6.37 லட்சம் வீடுகளுக்குப் போனது; ஆனாலும் அதன் எண்கள் மாவட்டத்துக்குக் கீழே இறங்குவதில்லை. தாராவி தனியாகத் தெரியாது. உங்களுக்குக் களப்பணிக்காரர்தான் வேண்டும்.

புதியவர் என்பது குறையல்ல. என் வழிகாட்டிக்கு நான்தான் முதல் மாணவன்; காற்புள்ளி வரை சிவப்பு மையில் திருத்தினார். மனிதர்களிடம் ஆய்வு செய்ய ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குத்தான் நான்கு மாதம் அலைந்தோம். அந்த அனுமதியைப் பற்றி முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேட்டுவிடுங்கள். தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் தமிழிலேயே பேட்டி எடுக்க முடியும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.