அருங்காட்சியகப் படத்தை வைத்து அமெரிக்கத் தொடக்க வரலாறு நடத்த ஆசிரியர்களைப் பழக்குவது எப்படி?

படத்தைக் காட்டிவிட்டு ஆசிரியரே பேசத் தொடங்குகிறார், பிள்ளைகள் பார்ப்பதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியில் முதலில் ஆசிரியர்களையே மாணவர்களாக உட்கார வையுங்கள்.

நான் பரிந்துரைப்பது பாஸ்டன் கைவினைஞர் பால் ரிவியரின் 1770 செதுக்கோவியம் (உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம்), பாஸ்டன் படுகொலை. அந்நகரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மக்கள் கூட்டத்தைச் சுட்டதைக் காட்டுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே படம் கிடைக்கும். ஏ3 தாளில் அச்சிடுங்கள்; ஏ4 அளவில் பெயர்ப்பலகை எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. நால்வருக்கு ஒரு பிரதி. தலைப்பையும் அடியில் உள்ள கவிதையையும் மடித்து மறைத்துவிடுங்கள். இதைச் செய்யாததால்தான் பாதி வகுப்புகள் கெடுகின்றன: பெயரைப் படித்ததுமே முடிவு தெரிந்துவிடுகிறது, அப்புறம் யார் உற்றுப் பார்ப்பார்கள்?

பத்து நிமிடம் கண்ணில் படுவதை மட்டும் எழுதட்டும். சிப்பாய்கள் ஒரே வரிசையில் நின்று சுடுகிறார்கள். பின்னால் அதிகாரி வாளை உயர்த்தியிருக்கிறார். சுங்க அலுவலகத்தின் மேல் 'கசாப்புக் கூடம்' என்று பலகை. தரையில் பனியே இல்லை.

அதன்பின் அந்தச் சிப்பாய்கள் மீது நடந்த வழக்கின் சாட்சியங்களில் இரண்டு பத்தி கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மார்ச் 5 இரவு தெருவெல்லாம் பனி, ஒரே தள்ளுமுள்ளு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் சிப்பாய்கள் தரப்பில் வாதாடி, அவர்களின் அதிகாரி கேப்டன் பிரெஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் இருவர் மீதுதான் குற்றம் நிரூபணமானது, அதுவும் கொலைக் குற்றமல்ல, அதைவிடக் குறைந்த, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்.

இங்கே ஆசிரியர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "அப்படியானால் படம் பொய்" என்று முடித்துவிடுவார். விடாதீர்கள். சம்பவம் நடந்த மூன்றே வாரத்தில் ரிவியர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஏன், யாரை நம்பவைக்க என்று கேட்கப் பழக்குங்கள். பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். அதற்குக் குறைந்தது 15 நிமிடம் ஒதுக்குங்கள்.