பெரணிக்கு எந்த மண்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டு வீடியோ ஒன்றில் பெரணியை (ஃபெர்ன்) கம்போஸ்டில் நடச் சொன்னார்கள். முழுக்க மண்புழு உரத்திலேயே பாஸ்டன் ஃபெர்னை நட்டேன். மூன்றே வாரத்தில் அடி அழுகிவிட்டது. ஏன்? (சேலம் வாசகி)

கம்போஸ்ட் என்ற சொல் செய்த குழப்பம் இது. இங்கிலாந்துக்காரர்கள் 'பாட்டிங் கம்போஸ்ட்' என்றால் தொட்டியில் நிரப்பும் கலவை முழுவதையும் சொல்கிறார்கள். நம் ஊரில் கம்போஸ்ட் என்றால் மக்கிய உரம். நீங்கள் சோற்றுக்குப் பதிலாக ஊறுகாயையே தட்டு நிறையப் பரிமாறிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பெரணியின் வேர்கள் மெல்லியவை, ஆழமாகப் போகாதவை. அவற்றுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மண்புழு உரம் தனியாக இருந்தால் தண்ணீர் பட்டதும் களி மாதிரி இறுகிவிடும். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். சமவெளி ஊர்களில் பாஸ்டன் ஃபெர்னுக்கு நான் போடும் கணக்கு இது: கழுவிய தேங்காய் நார்க்கழிவு (கடையில் கோகோபீட் என்பார்கள்) 2 பங்கு, மக்கிய இலைத்தூள் 1 பங்கு, பெர்லைட் (வெள்ளையான, எடை குறைந்த எரிமலைக்கல் பொரி) அல்லது பட்டாணி அளவு செங்கல் துண்டு 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. பெர்லைட் விலை கையைக் கடித்தால் உமிக்கரி போடலாம். கரிதான், சாம்பல் இல்லை. சாம்பல் மண்ணைக் காரமாக்கும். பாஸ்டன் ஃபெர்னுக்கு லேசான அமிலத்தன்மைதான் பிடிக்கும்.

செம்மண் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு கைப்பிடி போதும். செடி வாங்கும்போது கூடவே வரும் செம்மண் உருண்டையையும் ஓரத்தில் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள். அப்படியே வைத்தால் சுற்றியுள்ள கலவை ஈரமாக இருக்கும்போதே நடுவில் கல்லாய்க் காய்ந்து கிடக்கும்.

கடையில் வாங்கிய கோகோபீட்டைத்தான் போட்டேன். இலை நுனியெல்லாம் பழுப்பாகிறது. தண்ணீர் போதவில்லையோ? (சென்னை, வேளச்சேரி)

தண்ணீர் கூடுதலாக ஊற்றும் முன் கோகோபீட்டைக் கழுவினீர்களா என்று சொல்லுங்கள். தென்னை மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து நார் எடுத்திருந்தால் உப்பு இன்னும் ஏறும். ரோஜாகூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், பெரணி பொறுக்காது. முதலில் நுனியில்தான் காட்டும்.

650 கிராம் கட்டி ஒன்றை ஊறவைத்தால் எட்டு, ஒன்பது லிட்டர் வரை உப்பும். அதைப் பழைய துணியில் கட்டி மூன்று முறை அலசிப் பிழியுங்கள். முடிந்தால் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு போட்டு, மறுபடி ஒருமுறை அலசுங்கள். நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிடும். வெறும் தண்ணீரில் அது முழுசாகப் போகாது. 'லோ ஈ.சி.' (உப்பு குறைவு என்று பொருள்) என்று எழுதிய கட்டியாக வாங்கினால் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்று. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கிறதா? அப்படியானால் போர் தண்ணீரும் குற்றவாளிதான். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுபவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான்! அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழை நீர் கிடைக்கும் நாட்களில் தொட்டியின் அடியில் வழியும் வரை நன்றாக ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

எங்கள் ஊர்ப் பழைய கிணற்றுச் சுவரில் மெய்டன்ஹேர் பெரணி தானாக வளர்கிறது. நர்சரியில் வாங்கியதை எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் கருகுகிறது. (மதுரை)

கிணற்றில் இருப்பது சுண்ணாம்புக் காரையை விரும்பும் இனமாக இருக்கலாம். காரை, ஓயாத ஈரக்காற்று, வெயில் படாத நிழல் மூன்றும் அங்கே இலவசம். நர்சரிகளில் அதிகம் விற்பது அடியாண்டம் ராடியானம் என்ற தென் அமெரிக்க இனம். அதற்குச் சுண்ணாம்பு வேண்டாம். மேலே சொன்ன கலவையில் இலைத்தூளை மட்டும் கூட்டிப் போடுங்கள். கலவை ஒருநாள் முழுசாகக் காய்ந்தாலும் இலை சுருண்டுவிடும். கருகியதை அடியோடு வெட்டி, ஈரம் குறையாமல் வைத்திருங்கள். பல முறை மறுபடி துளிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அஸ்பாரகஸ் ஃபெர்னுக்கும் இதே கலவையா? (திருச்சி)

அது பெரணியே இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தம், பூக்கும், காய்க்கும். சாதாரணத் தொட்டி மண்ணில் கொஞ்சம் மணல் கூட்டினால் போதும்.

மான்கொம்புப் பெரணிக்கு எந்த மண்? (நாகர்கோவில்)

மண்ணே வேண்டாம். அது மரத்தில் ஒட்டி வாழும் செடி. பலகையில் தேங்காய் மட்டை நாரை மெத்தை மாதிரி வைத்துக் கட்டிவிடுங்கள். அடியில் தட்டையாக ஒட்டியிருக்கும் பழுப்பு இலை காய்ந்துவிட்டதென்று பிய்க்காதீர்கள். அதற்குள் சேரும் சருகுதான் அதன் உரம்.

குன்னூரில் இருக்கிறோம். சோலைக்குள் இலைமக்கு கறுப்பாகக் கிடக்கிறது, அள்ளி வந்து போடலாமா?

வேண்டாம். காப்புக் காட்டிலிருந்து மண் அள்ளுவது சட்டப்படி குற்றம். அதோடு நத்தை முட்டையும் வீட்டுக்கு வரும். உங்கள் தோட்டத்துச் சருகையே ஓட்டை போட்ட சாக்கில் திணித்து நனைத்து வையுங்கள், ஓர் ஆண்டில் அதே கறுப்புத்தூள் கிடைக்கும். உங்கள் ஊரின் ஈரத்துக்கு நார்க்கழிவை 1 பங்காகக் குறைத்து, செங்கல் துண்டை 2 பங்காக்குங்கள். கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டு விழலாம். தாரையாக ஒழுகினால் இன்னும் கொஞ்சம் செங்கல் சேருங்கள்.