தத்தெடுத்தல்: ஊர் திரும்பும் முன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

நானும் கணவரும் டல்லாஸில் இருக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள குழந்தைகள் இல்லத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை, மத்திய அரசின் தத்து ஆணையமான காரா மூலம் எங்களுக்கு அமைந்திருக்கிறாள். ஆட்சியரின் தத்து உத்தரவு வந்துவிட்டது. அடுத்த மாதம் அவளை அழைத்துவரக் கிளம்புகிறோம். பத்து நாள்தான் விடுப்பு. அதற்குள் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து, உறவினர் விருந்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார் மாமியார். டில்லியில் விசா வாங்குவது வெறும் சம்பிரதாயம் என்கிறார்கள். எங்கே இழுத்தடிக்கும்? எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

எஸ்., டல்லாஸ்

அன்புள்ள எஸ்.,

வாழ்த்துகள். பத்து நாள் போதாது. உங்களில் ஒருவராவது மூன்று வாரம் தங்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தேதி மாற்ற முடியாத டிக்கெட்டை மலிவு என்று வாங்காதீர்கள். அமெரிக்கத் தூதரகம் இந்திய விடுமுறை, அமெரிக்க விடுமுறை இரண்டுக்கும் மூடியிருக்கும். நாள் குறிக்குமுன் இரு நாட்டு நாட்காட்டியையும் பாருங்கள்.

டில்லியில் மாட்டிக்கொள்கிறவர்களில் பலர், மாவட்டத்திலேயே கவனிக்காமல் விட்ட ஓர் எழுத்துப் பிழையால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்சியர் உத்தரவை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவார்கள். அந்த இரண்டையும் வைத்து பாஸ்போர்ட். உத்தரவில் உங்கள் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது வரிசையாக எல்லாவற்றிலும் ஏறிவிடும். டில்லியில் அதை யாராலும் திருத்த முடியாது. மறுபடி ஆட்சியர் அலுவலகம், பிறகு பிறப்புப் பதிவாளர், பிறகு பாஸ்போர்ட் அலுவலகம் என்று வாரக்கணக்கில் போகும். அதனால் நீங்கள் விமானம் ஏறுமுன்பே எல்லாவற்றின் ஸ்கேன் நகலையும் இல்லத்திடம் கேட்டு வாங்கி, உங்கள் அமெரிக்க பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊர் வழக்கப்படி இனிஷியல் போட்டிருந்தால் அதையும் விரித்தெழுதச் சொல்லுங்கள்.

தமிழ்க் குடும்பங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. குழந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கக் கூடாது. இல்லத்தில் அவளை 'மீனா' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பாஸ்போர்ட்டிலும் அப்படியே வந்தால், அமெரிக்க விசாவில் 'மீனா' குடும்பப் பெயர் ஆகிவிடும், சொந்தப் பெயரின் இடத்தில் 'எஃப்என்யு' என்று விழும். சொந்தப் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. பிறகு குடியுரிமைச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு எண், பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றிலும் அது தொற்றிக்கொள்ளும். உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயர் அவளுக்கும் அப்படியே இருக்கட்டும்.

உத்தரவு இணையத்தில் ஏற்றப்பட்டதும் காரா தரும் இணக்கச் சான்றிதழும் உங்கள் கையில் இருக்க வேண்டும். நாடுகளுக்கிடையிலான தத்துக்கான ஹேக் உடன்படிக்கையின் 23ஆம் பிரிவின்படி தரப்படுவது இது. இந்தத் தத்தை உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாடுகள் ஏற்பதற்கு ஆதாரம் இதுதான். விமான நிலையக் குடியேற்றச் சோதனையிலும் கேட்கலாம் என்பதால் கைப்பையிலேயே வையுங்கள்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய முடியும். சென்னையிலும் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே முடித்துவிடுங்கள், டில்லிக்குத் தள்ளிப்போடாதீர்கள். காரணம் காசநோய்ச் சோதனை. இரண்டு வயது முதல் பதினான்கு வரை உள்ள குழந்தைகளுக்கு 'இக்ரா' என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. முடிவு வரச் சில நாள் ஆகும். நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் காசநோய்க்காகப் போடும் பிசிஜி தடுப்பூசி இதன் முடிவைக் கெடுக்காது, தோலில் போட்டுப் பார்க்கும் பழைய சோதனையைத்தான் குழப்பும். இக்ரா பாசிட்டிவ் என்றால் நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, வேறு அறிகுறியும் இல்லாவிட்டால் பயணம் தடைபடாது. எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தால் மூன்று சளி மாதிரி எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்கு எட்டு வாரம் வரை ஆகும். இது அபூர்வம்தான். ஆனாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. தடுப்பூசி அட்டையில் இடைவெளி இருந்தால் பதறி ஒரே நாளில் நாலு ஊசி போட வேண்டாம். பத்து வயதுக்கு உட்பட்ட தத்துக் குழந்தைக்கு டிஎஸ்-1981 என்ற உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அமெரிக்கா போய் 30 நாளுக்குள் போட்டுவிடுவோம் என்று கையெழுத்திட்டால் போதும்.

தத்துக் குழந்தைகளுக்கான விசா டில்லி தூதரகத்தில்தான். கொண்டுபோக வேண்டியவை: டிஎஸ்-260 என்ற இணைய விசா விண்ணப்பத்தின் உறுதிப் பக்கம், கட்டணம் 325 டாலர், ஐ-800 (இந்தக் குழந்தையைத் தத்தெடுக்க அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் தரும் மனு) தற்காலிக ஒப்புதல், மேலே சொன்ன சான்றிதழ்கள், இரண்டங்குலச் சதுரப் புகைப்படம் (வெள்ளைப் பின்னணி). குழந்தையும் உடன் வர வேண்டும். மொட்டை விஷயத்தை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: புகைப்படம் குழந்தையின் இப்போதைய தோற்றத்தைக் காட்ட வேண்டும். படம் எடுத்தபின் மொட்டை போட்டால் வீண் கேள்வி. காதுகுத்தையும் தள்ளிப்போடுங்கள். இரண்டு நாள் முன்பு அறிமுகமான அம்மாவின் மடியில் உட்கார வைத்து அவளுக்கு வலி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விருந்தும் வேண்டாம். ஐம்பது பேர் மாற்றி மாற்றித் தூக்கினால் யார் அம்மா, யார் அப்பா என்றே அவளுக்குப் பிடிபடாது. முதல் சில வாரம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றையும் நீங்கள் இருவர் மட்டும் செய்யுங்கள். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டு காட்டலாம்.

இல்லத்தில் கையெழுத்து முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அவளைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள்: காலையில் கஞ்சியா இட்லியா, எத்தனை மணிக்குத் தூக்கம், விளக்கு எரிய வேண்டுமா, எப்படிச் சொல்லிக் கழிப்பறைக்குக் கேட்பாள், எதைக் கண்டால் பயம். அவள் போர்த்திய துணி ஒன்றைத் துவைக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாசனை புது இடத்தில் தூங்க உதவும். அவள் உங்கள் கணவரிடம் ஒட்டிக்கொண்டு உங்களைத் தள்ளிவிடலாம், மறுதலையாகவும் நடக்கலாம். ஒதுக்கப்படுகிறவர் மனம் விடாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வயிறு நிறைந்தும் சாப்பாட்டை விடாமல் கேட்பாள், பிஸ்கட்டைத் தலையணை அடியில் ஒளிப்பாள். பிடுங்காதீர்கள். எப்போதும் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு தானே குறையும்.

உணவும் தண்ணீரும் மாறும்போது வயிற்றுப்போக்கு வரும். ஓஆர்எஸ் பொட்டலத்தில் இரண்டு அளவு உண்டு. பெரியது ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிகுந்து ஆபத்து. அட்டையைப் படித்துக் கலக்குங்கள். தலையில் பேன், விரலிடுக்கில் சிரங்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரங்கு இருந்தால் டாக்டர் தரும் களிம்பை நீங்கள் இருவரும் சேர்ந்தே பூசிக்கொள்ள வேண்டும், இல்லையேல் திரும்பத் திரும்ப வரும்.

அவளுக்குக் கிடைப்பது ஐஎச்-3 விசா, அதாவது ஹேக் முறைப்படி இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தைக்கானது. உங்களோடு வாழ அமெரிக்காவில் இறங்கியதுமே சட்டப்படி குடியுரிமை வந்துவிடும். சான்றிதழ் தபாலில் வரும், ஆகவே வீடு மாறுவதாக இருந்தால் முகவரியை முன்பே தெரிவியுங்கள். மூடி முத்திரையிட்ட உறை ஏதாவது தூதரகம் தந்தால் பிரிக்காதீர்கள், அமெரிக்க விமான நிலைய அதிகாரிதான் பிரிக்க வேண்டும். அங்கே தனி அறைக்கு அனுப்புவார்கள். இணைப்பு விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. இந்த வழி அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும், கிரீன் கார்டு மட்டும் உள்ள தம்பதிக்கு இல்லை. தங்கை பிள்ளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் போட்டு எடுத்துக்கொண்டு, பிறகு விசா கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். தத்து முடியுமுன்பே ஐ-800 தற்காலிக ஒப்புதல் இருந்தாக வேண்டும். வரிசை மாறினால் குழந்தைதான் இங்கே தனியாகக் காத்திருக்கும்.

எஸ்., ஊர் போய்ச் சேர்ந்தபின் இரண்டு ஆண்டுகள் அறிக்கை அனுப்ப வேண்டும். முதலாண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாமாண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆக ஆறு. உங்கள் அமெரிக்கத் தத்து ஏஜென்சியின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து, புகைப்படத்தோடு அனுப்புவார். முதல் சந்திப்புக்கான தேதியைக் கிளம்புமுன்பே வாங்கிவிடுங்கள்.