டாக்டருக்குப் பின்னால் நின்றவர்

அம்மா, வணக்கம்.

மகளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, இதயப் பரிசோதனையிலும் சிகிச்சையிலும் டாக்டருக்கு உதவும் தொழில்நுட்பப் படிப்பான பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜிதான் கிடைத்திருக்கிறது, "காலம் பூரா டாக்டருக்குப் பின்னால் நிற்கிற வேலைதானே" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பின்னால் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

விவியன் தாமஸ், அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வளர்ந்த கறுப்பின இளைஞர், தச்சரின் மகன். பள்ளிப் படிப்போடு, 1930-இல் ஆல்பிரட் பிளாலாக் என்ற சர்ஜனின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். மேற்படிப்புக்குச் சேர்த்து வைத்த பணமெல்லாம் அதே ஆண்டு, பெருமந்தம் என்ற பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வங்கி மூழ்கியபோது போய்விட்டது. பிறகு இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அங்கே ஹெலன் டௌசிக் என்ற குழந்தை மருத்துவர் ஒரு சிக்கலோடு வந்தார். பிறவி இதயக் கோளாறால் நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல், உதடும் விரலும் நீலம் பாரித்து இறக்கும் குழந்தைகள். கைக்குப் போகும் ரத்தக் குழாயை நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயோடு இணைக்கும் அறுவை சிகிச்சையை நாய்களிடம் திரும்பத் திரும்பச் செய்து கைவரப் பெற்றவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தைக்கு அது முதன்முதலாக நடந்தது. அறுவை செய்த பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஸ்டூலில் ஏறி நின்று தாமஸ் வழிகாட்டினார். அந்தக் குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. அடுத்தடுத்து வந்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் பிழைத்தார்கள்.

ஆனால் "அவரைப்போல நீயும் பொறுத்துக்கொள்" என்று மகளிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஆய்வகத்தில் சர்ஜன் அளவுக்கு வேலை செய்தவரைச் சம்பளப் பதிவேட்டில் துப்புரவுப் பணியாளராக வைத்திருந்தார்கள். அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி 1945-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. கௌரவ டாக்டர் பட்டம் வந்தது 1976-இல். இது அநியாயம். சம்பளத்தைக் கேட்டு வாங்கவும் அவரே போராட வேண்டியிருந்தது.

அதனால் சேரும்முன் பாருங்கள்: கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனையும், ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்தைப் பரிசோதிக்கும் கேத் லேபும் இருக்கிறதா, பல்கலைக்கழக அங்கீகாரம் உண்டா, இன்டர்ன்ஷிப் எங்கே. வேலைக்குப் போகும்போது நியமன உத்தரவில் பதவிப் பெயர் சரியாக இருக்க வேண்டும். ஆராய்ச்சியில் கை வைத்தால் கட்டுரையில் தன் பெயரைக் கேட்க அவளுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிட்டு, அடுத்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.